அடிமாட்டு விலை

ஒரு பொருளைக் கூசாமல் குறைத்துக் கேட்பதற்குத் தமிழில் இருக்கும் வார்த்தை அடிமாட்டு விலை. தினமும் சொல்கிறோம், சொல்லும்போது மாடு நினைவுக்கு வருவதில்லை. ஆனால் வார்த்தைக்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. மணப்பாறைச் சந்தையில் நிற்கும் காளையை உழவுக்கு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான். அடிமாட்டுக்கு வாங்குகிறவனுக்கு எடை போதும். இருவரும் ஒரே மாட்டின் முன்னால் நின்றுகொண்டு இரண்டு வெவ்வேறு பொருள்களுக்கு விலை சொல்கிறார்கள். மாட்டுக்காரனைச் சுடுவது தொகையின் சிறுமை மட்டும்தானா, அல்லது தன் கண் முன்னாலேயே காளை மாமிசமாகிவிட்டது என்பதா? கிழடாகி, வண்டிக்கும் ஏருக்கும் ஆகாமல், அடிமாடாகவே சந்தைக்கு வந்து சேர்ந்த மாட்டுக்கு அதே தொகையைக் கேட்டால் யாருக்கும் ரோஷம் வருவதில்லை. துக்கம் இருக்கலாம். அவமானம் இல்லை.

அந்தச் சந்தையில் விலை பேசும் முறையும் யோசிக்கத்தக்கது. தரகர் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டுக்கடியில் எதிராளியின் விரல்களைப் பிடித்து விலை சொல்கிறார். ஒரு விரல் எத்தனை நூறு, எத்தனை ஆயிரம் என்பது மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் இருவருக்கும் விளங்கிவிடும். சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்கலாம், தொகை தெரியாது. இது தரகர்களின் தந்திரம், விற்கிறவனிடம் ஒரு கணக்கும் வாங்குகிறவனிடம் ஒரு கணக்கும் சொல்ல வசதி என்பார்கள். இருக்கட்டும். அந்தத் துண்டுக்கு வேறொரு உபயோகமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. படியாமல் போன விலை துண்டுக்கடியிலேயே செத்துவிடுகிறது. காளையை ஒருவன் அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டுப் போனான் என்பது அடுத்து வருகிறவன் காதில் விழுவதில்லை. அந்த விலை மாட்டின் மேல் ஒட்டிக்கொள்வதில்லை. அதோடு, விரலைப் பிடித்தவனும் சும்மா போய்விட முடியாது. அவன் சொன்ன விலைக்கு எதிர்க்கை சம்மதித்துவிட்டால் வாங்கித்தான் ஆகவேண்டும்.

இதையெல்லாம் நான் யோசிக்க நேர்ந்தது மாட்டினால் அல்ல; ஒரு கைக்கடிகாரத்தினால்.

ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் வீதியில் என் சித்தி இருக்கிறாள். சித்தப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்தவர். இறந்து பல வருஷங்களாகிவிட்டன. அவர் விட்டுப்போனவற்றுள் விலைமதிப்புள்ளது என்று ஒன்றே ஒன்றுதான்: உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒமேகா. அதற்கான பணத்தைச் சித்தப்பா சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்த்தார். வாட்ச் வந்த மறு வாரமே சித்தி அதைப் பெரிய கடைவீதிக்கு எடுத்துப்போய், எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிற ஆளிடம் கொடுத்து, பின்மூடியில் ‘ரா.வே. 1971’ என்று வெட்டி வாங்கிவந்துவிட்டாள். திருட்டுப் போனால் அடையாளம் சொல்லலாம் என்பது அவள் நியாயம். வீட்டில் அண்டா, தூக்கு, டபரா எல்லாவற்றிலும் இருக்கிற அதே கையெழுத்து, அதே புள்ளிக்கோடுகள். இப்போது வீட்டின் முன்கட்டுக்கு ஓடு மாற்றவேண்டியிருக்கிறது. ‘பீரோவுக்குள்ள மணி காட்டி யாருக்கு என்ன பிரயோஜனம்? வித்துக் குடுப்பா’ என்றாள்.

இன்று இப்படிப்பட்டவை விற்கிற இடம் கைபேசிதான். படம் எடுத்துப் போடவேண்டும், விலை எழுதவேண்டும். அதே வயது, அதே மாதிரிக் கடிகாரங்களுக்கு மற்றவர்கள் எழுதியிருந்ததைப் பார்த்து அறுபதாயிரம் என்று போட்டேன். பத்து நிமிஷத்தில் முதல் செய்தி வந்தது. ‘கடைசி விலை?’ வணக்கம் இல்லை, ஓடுகிறதா என்ற கேள்வி இல்லை. பிறகு வந்தவர்களில் பாதிப்பேரின் முதல் வார்த்தையும் அதுவே. பேரத்தில் கடைசி விலை என்பது கடைசியில் வருவது. இரண்டு பேர் ஒரு மணிநேரம் மல்லுக்கட்டி, ஒருவன் பத்தடி நடந்துபோய்த் திரும்பிவந்து, ‘சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்’ என்று சொல்லும்போதுதான் அது பிறக்கிறது. அதற்கு முன்னால் விற்கிறவனுக்கே அது தெரியாது. நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன், சித்தியின் கடைசி விலை என்ன என்று. எனக்குள் அப்படி ஓர் எண் இல்லை.

பிறகு எண்களே வந்தன. ஒன்பதாயிரம். பன்னிரண்டாயிரம், ‘இன்னிக்கே வந்து எடுத்துக்கறேன்’. பழைய செல்போன் ஒன்றைக் கொடுத்து மேலே நாலாயிரம். பின்மூடியின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த ஒருவர், ‘பின்னாடி எழுத்து வெட்டியிருக்கே சார், டேமேஜ்தானே, குறைச்சுக்குங்க’ என்று எழுதினார். 2017-இல் நியூயார்க்கில் ஒரு ரோலெக்ஸ் ஏலம் போயிற்று. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்தது. அதன் பின்மூடியில் ஜாக்கிரதையாக வண்டி ஓட்டச் சொல்லி அவர் மனைவி எழுத்து வெட்டிக் கொடுத்திருந்தார். போன விலை ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலர். அங்கே மனைவி வெட்டுவித்த எழுத்து விலையை ஏற்றுகிறது. அடையவளஞ்சானில் மனைவி வெட்டுவித்த எழுத்து சேதம். இரண்டும் ஒரே காரியம்தான். எழுத்துக்குப் பின்னால் இருக்கிற ஆளை வாங்குகிறவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பதில்தான் வித்தியாசம்.

குறைத்துக் கேட்கிறவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது வெறும் புலம்பலாகிவிடும். பழைய கடிகாரச் சந்தையில் ஏமாற்று அதிகம். மும்பையில் புது டயல் அச்சடித்து, நாலைந்து கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாகக் கோத்து, புதுப் பளபளப்போடு விற்கிறார்கள். ஜார்ஜ் ஆகர்லாஃப் என்ற பொருளாதாரவாதி 1970-இல் பழைய மோட்டார் கார்களை உதாரணமாக வைத்து இந்த நிலைமையை விளக்கினார். நல்லது எது சொத்தை எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாதபோது அவன் எல்லாவற்றுக்கும் சொத்தைக்குப் பக்கத்திலிருக்கும் விலையைத்தான் கொடுப்பான்; நல்ல பொருள் வைத்திருப்பவன் அதைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான்; மிச்சம் சொத்தை. அப்படியானால் ஒன்பதாயிரம் என்று எழுதியவன் சித்தப்பாவின் வாட்சுக்கு விலை சொல்லவில்லை. முகம் தெரியாத எனக்குச் சொன்னான். நான் பொய்யனாக இருக்கக்கூடிய சாத்தியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்டான்.

தவிர, நான் எழுதிய அறுபதாயிரம் மட்டும் என்ன சத்தியவாக்கா? நாற்பத்தைந்து வந்தால் கொடுத்துவிடுவேன். இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற சமயப் பிரிவினர், எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் விலைக்கு மேல் ஒரு விலையை வாயால் சொல்வது பொய் என்று கருதி, கடைகளில் ஒரே விலை வைத்தார்கள். கான்ட் 1785-இல் எழுதிய அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாதவர்களிடமும் கூடுதல் கேட்காதவர். குழந்தை போனாலும் ஒரே விலை. அவரைக் கான்ட் முழுசாகப் பாராட்டுவதில்லை. அவர் நேர்மை வியாபாரம் நிலைப்பதற்காகவும் இருக்கலாமே என்கிறார். எனக்கு அந்தக் குழந்தை முக்கியமாகப் படுகிறது. பேரம் பேசத் தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாதவனுக்கு ஒரு விலை என்றால் விலை என்பது வாய்ச்சாமர்த்தியத்துக்குக் கிடைக்கும் கூலியாகிவிடுகிறது. திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் ‘ஒரே விலை’ போர்டு மாட்டிய ஜவுளிக்கடைக்குள் கிராமத்துக்காரர் ஒருவர் நிம்மதியாக நுழைகிறார். அந்த நிம்மதியை யாரும் கேலி செய்யக்கூடாது. (பட்டினப்பாலை காவிரிக் கடைமுகத்து வணிகர்களைப் புகழ்வதும் இந்த வகையில்தான்: வாங்கும்போது கூடுதலாக எடுக்காதவர்கள், கொடுக்கும்போது குறைக்காதவர்கள். புகழ் தராசுக்கு மட்டும் இல்லை, நாக்குக்கும்தான்.)

ஆனால் ஒரே விலை எல்லாப் பொருளுக்கும் பொருந்துவதில்லை. ஒரே மாதிரி ஆயிரம் இருக்கும் பொருளுக்கு அது சரி. உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருப்பதற்கு ஒரே விலையை யார் நிர்ணயிப்பது? கைக்கடிகார விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1969 டிசம்பரில் ஜப்பானில் ஸெய்க்கோ கம்பெனி முதல் க்வார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து சாவி கொடுத்து ஓடுகிற கடிகாரம் மணி பார்ப்பதற்கான பொருள் என்ற நிலையை மெதுவாக இழந்தது. இன்று சிங்காரத்தோப்பு நடைபாதையில் முந்நூறு ரூபாய்க்கு வாங்குகிற கடிகாரம், சித்தப்பாவின் ஒமேகாவைவிட, லட்சங்களில் விற்கும் புது ஸ்விஸ் கடிகாரங்களைவிட, சரியாக மணி காட்டும். ஆகவே ஆடம்பரக் கடிகாரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் மணிக்குரிய பங்கு ஏறக்குறைய பூஜ்யம். மிச்சம் அவ்வளவும் மதிப்பு, கௌரவம், ஆசை, நினைவு. இதில் ‘நியாயமான விலை’ என்று பேசுவது காற்றில் கோடு போடுவது. எச்.எம்.டி.யைப் பார்க்கலாம். ஜப்பானின் ஸிடிஸன் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் தொடங்கியது. ‘ஜனதா’ என்று பெயரிட்டே ஒன்றைச் செய்தார்கள். மாப்பிள்ளைக்குப் போட்டார்கள், பரீட்சையில் தேறியவனுக்குக் கட்டினார்கள். அப்புறம் டிராயரில் போட்டு மறந்தார்கள். தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2014-இல் பரவியதும் அதே ஜனதாவைத் தேடிக்கொண்டு ஓடினார்கள்; 2016-இல் மூடும் முடிவு உறுதியானது. கடிகாரத்தின் உள்ளே ஒரு பல்சக்கரம்கூட மாறவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் ஆக்வினாஸ் இதில் ஒரு நுட்பமான வேறுபாடு செய்கிறார். ஒரு பொருளைப் பிரிவதால் விற்கிறவனுக்கு நஷ்டம் உண்டென்றால், பொருளின் மதிப்புக்கு மேலே அதற்கும் சேர்த்துக் கேட்பது நியாயம். வாங்குகிறவனுக்கு அது ரொம்ப அவசியம் என்பதற்காக மட்டும் கூட்டிக் கேட்பது நியாயமில்லை. அந்த அவசியம் விற்கிறவனின் சொத்து இல்லையே. இதைப் படித்தபோது சித்தியின் வாட்சுக்கு ஒரு வக்கீல் கிடைத்துவிட்டார் என்று தோன்றியது. ஆனால் பிரிவின் நஷ்டத்தை அளப்பது எப்படி? கானமன், நெட்ஷ், தாலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களில் பாதிப்பேருக்குச் சாதாரணக் காப்பிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, விற்கிறாயா என்று கேட்டார்கள். கோப்பை கிடைத்தவர்கள் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராயிருந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சில நிமிஷம் கையிலிருந்த கோப்பைக்கே இரண்டு மடங்கு என்றால், மணிக்கட்டில் பல வருஷம் இருந்ததற்கு எத்தனை மடங்கு? வாங்குகிறவன் கொடுக்கிறது குறைச்சல் என்று நாம் உணர்வதில் ஒரு பகுதி நம் கைச்சூடு.

இத்தனைக்குப் பிறகும், ஒன்பதாயிரம் என்று கேட்டது என்னைக் குத்தியது. ஏன் என்பதுதான் என் பிரச்னை.

தொகை காரணம் இல்லை என்பதற்கு நகைக்கடை சாட்சி. பெரிய கடைவீதியில் பழைய தோட்டை விற்கப் போங்கள். வாங்கும்போது நாம் கொடுத்த செய்கூலி போயிற்று, சேதாரம் போயிற்று. கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு மிச்சத்தை எடை போடுகிறார்கள். திருச்சியிலும் சுற்றுப்பக்கக் கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாகச் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர்கள் உண்டு. இயந்திரத்தில் பட்டை போட்ட கற்கள் வந்த பிறகு அந்தத் தொழில் சுருங்கிவிட்டது. அவர்கள் கண்ணைக் கொடுத்துத் தீட்டிய கல், இதே ஊர்த் தராசில் சுழி. இதைவிட அப்பட்டமான அடிமாட்டு விலை கிடையாது. உருக்கப்போகிற பொருளுக்கு உருக்குகிற விலை. ஆனாலும் யாரும் கடைக்காரரை முறைப்பதில்லை. அது ராஜாவுக்கும் கூலிக்காரிக்கும் ஒரே விதி. அதோடு, சொன்ன விலைக்கு அந்த நிமிஷமே பணத்தை எண்ணி வைக்கிறார்.

கைபேசியில் கேட்கிறவன் எதையும் வைப்பதில்லை. ‘விழுந்தா மாங்கா, போனா கல்லு’ என்கிற கணக்கு. ஒரே நாளில் நாற்பது பேருக்கு ஒன்பதாயிரம் என்று எழுதிப்போட அவனுக்கு நாற்பது விரல்தட்டல்தான் செலவு. நான் சரி என்று பதில் எழுதினால் வருவானா? சோதனைக்காகவே ஒருவருக்கு, அவர் கேட்ட பதினைந்தாயிரத்துக்கே தருகிறேன், வந்து பார்க்கிறீர்களா என்று எழுதினேன். பதில் இல்லை. கறிவேப்பிலைக்காரியிடம் ஒரு விலை கேட்டு அவள் சரி என்ற பிறகு வாங்காமல் நடந்தால் தெருவே கேட்கும்: ‘வாங்கறவ மாதிரி எதுக்கு வாயக் கொடுத்த?’ வாயைக் கொடுத்தல் என்பது எவ்வளவு சரியான பிரயோகம். விலை சொல்கிறவன் தன் வாயைப் பிணையாகக் கொடுக்கிறான். பிணை இல்லாமல் கேட்கிற விலை கேள்வியே இல்லை என்று எனக்குப் படுகிறது; குறைவா நிறைவா என்பது அப்புறம். அறுபதாயிரத்துக்கு அறுபதாயிரமே தருகிறேன் என்று எழுதிவிட்டு வராமலிருப்பவனையும் இதே கணக்கில்தான் சேர்க்கவேண்டும்.

நம் பேரத்தின் மொழி முழுக்க ஒரு வினையைச் சுற்றி நிற்கிறது. ‘பாத்துப் போட்டுக் குடுங்க’ என்கிறார் வாங்குகிறவர். ‘நீங்களே பாத்துக் குடுங்க’ என்கிறார் விற்கிறவர். அம்மா மண்டபத்தில் தர்ப்பணம் செய்துவைக்கிறவரிடம் எவ்வளவு என்று கேட்டால் சில சமயம் கிடைக்கும் பதிலும் இதுதான். சங்கடமான பதில், தொகையைவிடக் கனமானது. யாரைப் பார்த்து? பொருளையா, ஆளையா, தன் மடியையா, மனசாட்சியையா? வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது. எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. படத்தைப் பார்த்து விலை கேட்கிறவன் இந்த வினையைச் செய்யாமல் அதன் பலனைக் கேட்கிறான்.

கடைசியில் வாட்ச் போனது மெயின்கார்டு கேட் பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவரிடம். சித்தியும் கூட வந்தாள். அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, அரைமணி நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு ஸ்க்ரூ மாற்றப்பட்டிருக்கிறது என்றார். டயல் அசல் என்றார். மூடியைத் திருப்பி எழுத்தைப் படித்துவிட்டு, ‘பாத்திரக்கடை வெட்டு’ என்று சிரித்தார். பிறகு, ‘என்னால முப்பத்தொண்ணுதாம்மா முடியும். எனக்கும் நாலு காசு நிக்கணும்’ என்றார். நான் போட்ட விலையில் பாதிதான். சித்தி ஒரு தடவை முப்பத்தைந்து என்றாள், சம்பிரதாயத்துக்கு. முப்பத்திரண்டுக்கு முடிந்தது.

அதற்கு முன் வந்த எண்களை நான் சித்தியிடம் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம், ‘யாராச்சும் கேட்டாங்களாப்பா?’ என்பாள். ‘கேக்கறாங்க சித்தி, படியல’ என்பேன். துண்டுக்கடியில் செத்த விலையை வெளியே எடுக்காமலிருப்பது தரகனின் கடமை என்று வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது அவளாகவே கேட்டாள், ரொம்பக் குறைச்சலாகக் கேட்டவன் எவ்வளவு கேட்டான் என்று. ஒன்பதாயிரம் என்றேன். ‘ஒன்பதாயிரமா? அதை நாம வாங்கினதே எழுநூறோ என்னவோ’ என்றாள், ஆச்சரியத்தோடு. அவள் மனசிலிருந்த எண் வேறு. அவளுக்கு அது அடிமாட்டு விலையே இல்லை. அவமானம் முழுவதும், உடைமைக்காரி அல்லாத, மற்றவர்கள் எழுதிவைத்த விலைகளைப் படித்திருந்த என்னிடத்தில் தங்கியிருந்தது. இதைவைத்து அவமானமே பொய் என்று முடிவுகட்டலாமா? எனக்குச் சம்மதமில்லை. காளைக்கு அவமானம் தெரியாது, மேய்த்தவனுக்குத் தெரிகிறது. அதனால் அது பொய்யாகிவிடாது.

பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே வந்ததற்குத் தமிழிலேயே பெரிய மறுப்பு ஒன்று உண்டு. கோவலன் மதுரைக் கடைத்தெருவில் சிலம்பு விற்கப் போகிறான். எதிரே வரும் பொற்கொல்லனிடம், அரசன் தேவிக்கு ஏற்ற சிலம்பு ஒன்றுக்கு மதிப்புச் சொல்ல முடியுமா என்று கேட்கிறான். பொற்கொல்லன் பார்க்கிறான். அவனைப்போல ஒரு பொருளைப் பார்த்தவன் தமிழிலக்கியத்தில் வேறு யாரும் இல்லை. வேலைப்பாட்டின் ஒவ்வோர் அம்சமும் அவனுக்குத் தெரிகிறது. கோப்பெருந்தேவிக்கே உரியது என்று உள்ளபடி மதிப்பும் சொல்கிறான், தன் குடிசைக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போகிறான். விலை மட்டும் கேட்கவில்லை. அடிமாட்டு விலைக்குக் கேட்டிருந்தால் கோவலன் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போயிருப்பான்.